எல்.கே.ஜி.யில் ஆர்.டி.இ. இடம்: விண்ணப்ப இணையதளம் திறக்கும் முன்பே முடித்து வைக்க வேண்டிய வேலைகள்

என் மகள் 2018 நவம்பரில் பிறந்தவள். அவளுக்கு ஆர்.டி.இ. இடம், அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லாத இடம் வாங்க நாங்கள் ஓடியதெல்லாம் 2022 மே மாதத்தில். பிறப்புச் சான்றில் பெயர் இல்லை, ரேஷன் கார்டு உசிலம்பட்டியில், நாங்கள் திருப்பூரில். ஒவ்வொரு தாளாகச் சேர்த்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. சரி, அடுத்த வருடம் போடலாம் என்று நினைத்தோம். அடுத்த வருடம் போய்க் கேட்டபோது, "வயசு தாண்டிருச்சும்மா, இனி எல்.கே.ஜி.க்குப் போட முடியாது" என்று சொன்னார்கள். அன்றுதான் இந்த முறை எப்படி இயங்குகிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 2024-இல் மகனுக்கு இடம் கிடைத்தது. நடுவில் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல வாடகை வீட்டில் இருப்பவர்கள், சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12-இன்படி, சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதித் தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 40 இடம் இருந்தால் அதில் 10. அந்தக் குழந்தையின் கல்விக் கட்டணத்தை எட்டாம் வகுப்பு வரை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும்.

1. பிறந்த தேதியை முதலில் கணக்குப் போடுங்கள்

தமிழ்நாட்டில் ஆர்.டி.இ.க்கு ஜூலை 31-தான் கோடு. அன்றைக்குக் குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும், நான்கு வயது நிரம்பியிருக்கக் கூடாது. 2024-25 அறிவிப்பில் எல்.கே.ஜி.க்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று இருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு 1.8.2018 முதல் 31.7.2019 வரை. உங்கள் வருடத்துக்கு இதே கணக்கில் ஒவ்வொரு வருடமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். அறிவிப்பு வந்ததும் அதிலுள்ள தேதியோடு ஒத்துப் பாருங்கள்.

இதில் எல்லோரும் கவனிப்பது "மூன்று வயது ஆகிவிட்டதா" என்பதை மட்டும்தான். மேல் வரம்பை யாரும் சொல்வதில்லை. ஒரு குழந்தைக்கு எல்.கே.ஜி. வாய்ப்பு வாழ்க்கையில் ஒரே ஒரு வருடம்தான். அதைத் தவறவிட்டால் அப்புறம் ஒன்றாம் வகுப்பில்தான், அதுவும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆரம்பிக்கும் பள்ளிகளில்தான் கிடைக்கும். பெரும்பாலான மெட்ரிக் பள்ளிகள் எல்.கே.ஜி.யிலேயே சேர்த்துவிடுகின்றன. என் மகளுக்கு 2024-இல் ஒன்றாம் வகுப்புக்கான வயது சரியாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டைச் சுற்றி அப்படி ஒரு பள்ளிகூட இல்லை.

ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என் மகன் 2021 ஜூலை 9-இல் பிறந்தவன். கோட்டுக்கு 22 நாள் முன்னால். வகுப்பிலேயே அவன்தான் சின்னவன். "பேச்சே சரியா வரலை, ஒரு வருஷம் கழிச்சுப் போடலாமே" என்று என் மாமியார் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்தால் அவன் வரம்புக்கு வெளியே போய்விடுவான். ஆகவே ஜூலைப் பிள்ளைக்கு ஆர்.டி.இ. வேண்டுமென்றால் மூன்று வயது முடிந்த கையோடு அனுப்பத்தான் வேண்டும். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் தானாகச் சாப்பிடவும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று வாய் திறந்து சொல்லவும் பழக்குங்கள். அது போதும். ஏ, பி, சி, டி எழுதக் கற்றுக்கொடுத்து அவனைப் படுத்த வேண்டாம்.

ஆகஸ்ட் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்கு இந்த வருடம் இடமில்லை, அடுத்த வருடம்தான். ஒரு நாள் வித்தியாசம் என்றாலும் தளம் ஏற்காது. யாராவது பிறந்த தேதியை மாற்றித் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறப்புச் சான்றின் தேதி இனி எல்லாக் காகிதத்திலும் வரும். அங்கே ஒரு பொய் இருந்தால் பிள்ளைதான் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும்.

கட்டணம் கட்டிச் சேர்க்கும் இடங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ஐ வைத்துப் பார்க்கிறார்கள், ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது கேட்கிறார்கள். ஒவ்வொரு சி.பி.எஸ்.இ. பள்ளியும் ஒவ்வொரு தேதி வைத்திருக்கிறது. அங்கே போடுவதாக இருந்தால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பிரிவில் போடப் போகிறீர்கள்

இரண்டு பிரிவு இருக்கிறது. ஒன்று, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்: எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. எல்லோரும் இதில் வருவார்கள். இவர்களுக்கு வேண்டியது சாதிச் சான்று. இன்னொன்று, நலிவடைந்த பிரிவினர்: ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே. இவர்களுக்கு வேண்டியது வருமானச் சான்று.

இரண்டில் ஒன்று போதும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் கணவருக்கு பனியன் கம்பெனியில் டெய்லர் வேலை, சனிக்கிழமை சம்பளம். சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. வாரம் 3,500 என்றால் 52 வாரத்துக்கு 1,82,000. வரம்புக்குள்தான். ஆனால் அதை நிரூபிக்க, 2022-இல் மூன்று வாரம் அலைந்தோம். நாங்கள் எம்.பி.சி. பெற்றோர் இருவரிடமும் சாதிச் சான்று இருந்தது. பிள்ளைக்குச் சாதிச் சான்று எடுத்திருந்தால் வருமானச் சான்றுக்கே அவசியம் வந்திருக்காது.

ஆதரவற்ற குழந்தை, எச்.ஐ.வி. பாதித்த குழந்தை, மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுத் தொழிலாளியின் குழந்தை, மாற்றுத்திறனாளிக் குழந்தை ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவு உண்டு. இவர்களுக்குக் குலுக்கல் இல்லாமல் முன்னுரிமையில் இடம் கொடுக்கிறார்கள். அதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க மருத்துவரின் சான்று, முகாம் என்று நாள் பிடிக்கும். ஆகவே முதலில் அதை ஆரம்பியுங்கள்.

3. பிறப்புச் சான்றை எடுத்துப் பாருங்கள், பெயர் இருக்கிறதா?

நிறைய வீடுகளில் பிறப்புச் சான்று பீரோவில் பத்திரமாக இருக்கும். எடுத்து விரித்தால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் பதிவு செய்திருப்பார்கள். பெயர் வைத்ததோ அப்புறம். அந்தப் பெயரை யாரும் போய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பதிவான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். காசு பெரிதில்லை, பயணம்தான் பெரிது. குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருப்போம், பதிவும் அங்கேயே கிடக்கும். நான் திருப்பூரிலிருந்து மதுரை வந்து, அங்கிருந்து உசிலம்பட்டி போனேன். முதல் தடவை போனபோது சம்பந்தப்பட்டவர் விடுப்பில். இரண்டாம் தடவைதான் வேலை முடிந்தது. பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது ஒரு வேலைநாள் சேர்த்து இருந்து இதை முடித்துவிட்டு வாருங்கள்.

பெயர் சேர்க்கும்போதே எழுத்தைப் பாருங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இனிஷியல் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் இனிஷியல் என்றால் ஆதாரிலும் அப்படியே. அப்பாவின் பெயர் அவருடைய ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சான்றைப் பார்த்துத்தான் ஆதார், சாதிச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் வரும். இங்கே ஒரு எழுத்து பிசகினால் நான்கு இடத்தில் திருத்த வேண்டிவரும்.

4. குழந்தைக்கு ஆதார்

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கைரேகை, கண் பதிவு எதுவும் இல்லை. புகைப்படம் மட்டும் எடுத்து, அப்பா அல்லது அம்மாவின் ஆதாரோடு இணைப்பார்கள். நீல நிறத்தில் வரும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பிறப்புச் சான்றில் பெயர் ஏறிய பிறகு போங்கள், முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

5. சாதிச் சான்று, வருமானச் சான்று

இரண்டும் இ-சேவை வழியாகத்தான். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். எஸ்.டி. சான்று என்றால் இன்னும் ஒரு படி மேலே, கோட்டாட்சியர் வரை போகும். அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள்.

சாதிச் சான்றுக்குப் பெற்றோரின் சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம். சான்றைக் குழந்தையின் பெயரிலேயே எடுத்துவிடுங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் உதவும்.

இங்கே நாங்கள் மாட்டிக்கொண்ட ஒரு இடத்தைச் சொல்ல வேண்டும். முதல் தடவை இ-சேவை மையத்தில் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்கும்போது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் தன் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்துவிட்டார். ஓ.டி.பி. உடனே வரும், வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்திருப்பார். ஆனால் எங்கள் விண்ணப்பம் "கூடுதல் ஆவணம் தேவை" என்று திரும்பி வந்தபோது குறுஞ்செய்தி அவருக்குத்தான் போனது. வருகிற விண்ணப்பங்களுக்கு நடுவே அவர் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் வீட்டில் காத்துக்கொண்டே இருந்தோம். பன்னிரண்டு நாள் வீணாயிற்று. ஆகவே உங்கள் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி.யை நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அதிலுள்ள எண்ணை வைத்து மூன்று நாளுக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள்.

விண்ணப்பித்த மறுநாளே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவது நல்லது. "சார், நேத்து இ-சேவைல போட்டிருக்கோம், நம்பர் இது, வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் போதும். நான் போன அன்று, வீட்டு உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்றார். அன்று மாலையே கொடுத்துவிட்டேன். போகாமல் இருந்திருந்தால் அதற்கும் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்திருக்கும்.

வருமானச் சான்றுதான் வேண்டும் என்றால், சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதமும், வங்கிக் கணக்குப் புத்தக நகலும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். போன வருடத்துச் சான்றைக் கொண்டுபோகாமல் புதிதாக எடுங்கள். ஆனால் ரொம்ப முன்னதாகவும் எடுக்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம்.

தேர்தல் வருடம் என்றால் இன்னும் முன்னால் நகருங்கள். 2024-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, ஆர்.டி.இ. தளம் திறந்தது ஏப்ரல் 22. மார்ச், ஏப்ரல் முழுக்க வருவாய்த் துறையினர் தேர்தல் வேலையில் இருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மார்ச்சில் போட்ட சான்று மே மாதம்தான் வந்தது.

6. முகவரியும் அந்த ஒரு கிலோமீட்டரும்

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள்தான் உங்களுக்குக் காட்டப்படும். அந்த வீட்டுக்கான முகவரிச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும். பிழைக்க வந்த ஊரில் வருடக்கணக்காக இருப்போம், ஆனால் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் சொந்த ஊர் முகவரி இருக்கும். ஊரில் ஓட்டு இருக்கட்டும், கார்டு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருப்போம். அந்தக் காகிதத்தை வைத்து உசிலம்பட்டியில் உள்ள பள்ளிக்குத்தான் போட முடியும், திருப்பூரில் முடியாது.

பெற்றோர் ஆதாரை முதலில் மாற்றுங்கள், அடுத்து ரேஷன் கார்டை. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதையும் அப்போதே செய்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லாத வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். வீட்டு உரிமையாளரிடம் நேரில் போய், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு மாற்றினால் வீட்டை நாங்கள் கேட்டுவிடுவோமோ என்று சிலருக்குப் பயம் இருக்கிறது. எங்கள் வீட்டம்மா முதலில் தயங்கினார். பிள்ளை படிப்புக்கு என்று தெரிந்ததும் மின் கட்டண ரசீது நகலை அவரே எடுத்துக்கொடுத்தார்.

வீடு மாறப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். முகவரி மாற்றிய பிறகு ஜூன் வரை அந்த வீட்டிலேயே இருங்கள். நடுவில் மாறினால் எல்லாக் காகிதமும் மறுபடி முதலிலிருந்து. நாங்கள் 2023 தீபாவளி முடிந்ததும் பள்ளிகள் பக்கத்தில் இருக்கும்படி ஒரு வீடு பார்த்து, அப்புறம்தான் முகவரியை மாற்றினோம். வாடகை 500 ரூபாய் கூட. எட்டாம் வகுப்பு வரைக்கும் கட்டணத்தைக் கணக்குப் போட்டால் அது பெரிய தொகை இல்லை.

அப்புறம் வரைபடம். விண்ணப்பிக்கும்போது உங்கள் வீடு எங்கே என்று தளத்தில் உள்ள வரைபடத்தில் குறிக்க வேண்டும். அந்தச் சின்னக் குறி எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றித்தான் பள்ளிகள் வரும். எங்களுக்குப் போட்டுக்கொடுத்தவர் தெருவின் பெயரை அடித்ததும் குறி போய் பஸ் ஸ்டாப்பில் நின்றது. வந்த பட்டியலில் இரண்டே பள்ளிகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, பஸ் ஸ்டாப்புல இருந்து உள்ள வாங்க, தண்ணி டேங்க் தாண்டி இடது பக்கம் மூணாவது சந்து" என்று சொல்லச் சொல்ல அவர் குறியை நகர்த்தினார். எங்கள் ஓட்டுக் கூரை படத்தில் தெரிந்ததும் நிறுத்தினோம். இப்போது நான்கு பள்ளிகள். மகனுக்கு இடம் கிடைத்தது அந்த நான்காவதில்தான். அதனால் போகும்முன் கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையான வீட்டில்தான் குறி வைக்க வேண்டும். நல்ல பள்ளி வர வேண்டும் என்று தள்ளி வைத்தால், பள்ளியில் ஆவணங்களைச் சரிபார்க்கும்போது விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

7. பள்ளிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்

ஒரு விண்ணப்பத்தில் ஐந்து பள்ளிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சுற்றிவிட்டு வந்துவிடுங்கள். எல்.கே.ஜி.யில் எத்தனை இடம், ஆர்.டி.இ.க்கு எத்தனை, போன வருடம் எத்தனை விண்ணப்பம் வந்தது என்று கேளுங்கள். பெயர் பெற்ற பள்ளிக்கு நூறு பேர் போடுவார்கள், அடுத்த தெருவில் உள்ள பள்ளிக்கு எட்டுப் பேர் போடுவார்கள். ஐந்தையும் பெரிய பள்ளியாகவே போட வேண்டாம் என்பது என் எண்ணம். குறைந்தது இரண்டு பள்ளியாவது கூட்டம் குறைவானதாக இருக்கட்டும். பிள்ளை நடந்து போகும் தூரமா, நடுவில் மெயின் ரோடு தாண்ட வேண்டுமா என்பதையும் பாருங்கள்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே, ஏன் பட்டியலில் வரவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

8. விண்ணப்பம் போடும் நாள்

வழக்கமாக ஏப்ரல் மூன்றாவது அல்லது நான்காவது வாரம் திறந்து, ஒரு மாதம் திறந்திருக்கும். 2024-இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை. பள்ளிக்கல்வித் துறையின் ஆர்.டி.இ. தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். வட்டாரக் கல்வி அலுவலகம், வட்டார வள மையம் போன்ற இடங்களிலும் கட்டணம் இல்லாமல் போட்டுத் தருவார்கள். அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்றுதான் முடியும். அப்படி முடியாத எந்தத் தளத்திலும் பிள்ளையின் விவரத்தைக் கொடுக்காதீர்கள்.

யாரும் "சீட் உறுதி" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தார். முதலில் போட்டவருக்கு முதல் இடம் என்று எதுவும் கிடையாது. முதல் நாள் தளம் தடுமாறினால் பதற வேண்டாம், நான்காம் நாள் போட்டாலும் ஒன்றுதான். கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் இருந்தால் போதும்.

அசல் ஆவணங்களைப் புகைப்படம் எடுக்காமல் ஸ்கேன் செய்து போடுங்கள். நிழல் விழுந்து எழுத்து மறைந்தால் தள்ளுபடியாக வாய்ப்பு உண்டு. சமர்ப்பிக்கும் முன் பிறந்த தேதி, பெயர், பிரிவு மூன்றையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். முடிந்ததும் விண்ணப்பத்தை இரண்டு நகல் எடுங்கள்.

9. குலுக்கலுக்கு முன் இன்னொரு இடம் கைவசம் இருக்கட்டும்

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 2025-26-இல் ஏப்ரல் வந்தது, மே வந்தது, தளம் திறக்கவில்லை. மத்திய அரசின் கல்வி நிதி வராமல் எல்லாம் நின்றுபோய், அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது. அப்போதும், ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இடம். ஆர்.டி.இ. வரட்டும் என்று வீட்டிலேயே வைத்துக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே ஏப்ரல் முடிவில் தளம் திறக்கவில்லை என்றால், செய்தியைப் பார்த்துக்கொண்டே வேறு ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள்.

கட்டணம் கட்ட வழியில்லையா, அங்கன்வாடி இருக்கிறது. 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். என் மகள் அப்படி ஒன்றில்தான் படித்தாள். இப்போது அதே பள்ளியில் தொடர்ந்து படிக்கிறாள், தம்பிக்குக் கதைப் புத்தகம் அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். இடம் கிடைக்காமல் போனால் பிள்ளையின் படிப்பே போய்விட்டது என்று நினைத்து நான் 2022-இல் பல நாள் தூங்கவில்லை. நீங்கள் அப்படித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

10. குலுக்கல்

விண்ணப்பம் இடத்தைவிடக் கூடுதலாக வந்தால் பள்ளியிலேயே குலுக்கல் நடக்கும். 2024-இல் மே 28. தகுதி பெற்றவர், தகுதி பெறாதவர் பட்டியலை அதற்கு முன்பே ஒட்டுவார்கள். அதை அவசியம் போய்ப் பாருங்கள். தகுதி இல்லை என்று இருந்தால் காரணம் எழுதியிருக்கும், சரிசெய்ய நேரம் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள்.

நேரில் போங்கள். ஒன்றுக்கும் மேற்பட்ட பள்ளிக்குப் போட்டிருந்தால் நீங்கள் ஒரு பள்ளிக்கும், வீட்டில் இன்னொருவர் மற்றொன்றுக்கும் பிரிந்து போங்கள். எங்களுடையது பள்ளி வராந்தாவில் நடந்தது. 31 விண்ணப்பம், 10 இடம். பெயர் எழுதிய சீட்டை ஒவ்வொன்றாக எங்களிடம் காட்டி, நான்காய் மடித்து எவர்சில்வர் குடத்தில் போட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏழாவது சீட்டு என் மகன். பத்து முடிந்ததும் காத்திருப்போர் பட்டியலுக்கும் சிலரை எடுத்தார்கள். அதில் இருந்த ஒரு குழந்தைக்கு ஜூன் முதல் வாரத்தில் அழைப்பு வந்தது. ஆகவே காத்திருப்பில் பெயர் வந்தால் கைபேசியை அணைத்து வைக்காதீர்கள்.

11. சேர்க்கும்போது என்ன கேட்பார்கள்

இடம் கிடைத்ததும் சேர வேண்டிய கடைசி நாளைச் சொல்வார்கள். சில நாள்தான் இருக்கும். அன்றைக்கு எல்லா அசலும், இரண்டு செட் ஜெராக்ஸும், குழந்தையின் புகைப்படம் ஆறும் கொண்டு போங்கள்.

கல்விக் கட்டணம் கேட்கக் கூடாது. நன்கொடை வாங்குவதும், குழந்தையையோ பெற்றோரையோ வைத்துத் தேர்வு நடத்துவதும் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி தடை. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். தேர்வு நடத்தினால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தால் போதும், குரலில் தானாகத் தெம்பு வரும்.

நடைமுறையில் புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ என்று கேட்கிறார்கள். எங்களுக்கு முதல் வருடம் 4,800 ரூபாய் ஆனது. வேன் வைத்தால் அதுவும் நம் கைக்காசுதான். மே மாதத்திலேயே இதற்கென்று ஒரு தொகையை எடுத்து வையுங்கள், கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்க வேண்டாம். எது வாங்கினாலும் எதற்கு என்று எழுதிய ரசீது கேளுங்கள். கல்விக் கட்டணம் என்ற பெயரில் ஏதாவது கேட்டால் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகம், அல்லது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

ஒப்புகைச் சீட்டு, குலுக்கல் முடிவின் நகல், சேர்க்கைச் சீட்டு, ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். யு.கே.ஜி. தொடங்கும்போது என்னிடம் ஆர்.டி.இ. சேர்க்கைக்கான ஆதாரம் கேட்டார்கள். அலுவலகத்தில் ஆள் மாறியிருந்தார். கோப்பைத் திறந்து காட்டினேன், பார்த்துவிட்டு ஒரு நகல் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.